ஊருணியில் பட்ட கால்

அக்காவுக்கென்று வாங்கிய கட்டில் எங்கள் வீட்டுக் கீழறையில் பதினேழு நாள் சும்மா கிடந்தது. அதற்கு நான்தான் காரணம். அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

எங்கள் வீடு செக்காலையில் இருக்கிறது. மகன், மருமகள், நான், மூன்று பேர். அக்கா காளையார்கோவிலில் இருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பிள்ளை இல்லை. அத்தான் போனபிறகு தனியாகவே சமைத்து, தனியாகவே சாப்பிட்டு, கோயிலுக்குப் போய் வந்துகொண்டு காலம் தள்ளினாள். போன மழையில் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். பார்க்கப் போன நான் அங்கேயே சொல்லிவிட்டேன், "இனிமே நீ தனியா இருக்க வேணாம், எங்கிட்ட வந்துரு" என்று.

மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் சிவகங்கையில் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிறவள், காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டுகிற நேரம்தான் திரும்புவாள். இன்னொரு கிழவியா என்று முகம் சுளிப்பாளோ என்று பார்த்தேன்.

"நீங்க சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன் அத்தை. ஆனா ஒண்ணு, ரெண்டு பேரும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டீகன்னா நான் நடுவுல வரமாட்டேன்" என்றாள்.

அதற்குள் எனக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கண் சரியானதும் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே பெட்டி கட்டிவிட்டாள்.

இங்கே என் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பு இல்லாதவளுக்குத் தலைதான் நோட்டுப் புத்தகம். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டில் கட்டினார்கள், எந்தக் கல்யாணத்தில் எந்த மாமனுக்குச் சந்தனம் கொடுக்க மறந்து அவர் சாப்பிடாமல் எழுந்து போனார், எந்தப் பிள்ளை எந்த நட்சத்திரம், எல்லாம் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். ஒருமுறைகூட நான் தப்பாகச் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் முன்னோர் பெயரை என்னிடம் போனில் கேட்டு அடிப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஆபரேஷன் அன்று காலையில் என்னைப் படுக்கவைத்து முகத்தின்மேல் ஒரு துணியைப் போட்டார்கள். கண்ணுக்கு மட்டும் அதில் ஓட்டை. மயக்க மருந்து கிடையாது, கண் மட்டும் மரத்துப்போக மருந்து விட்டார்கள். மேலே பெரிய வெளிச்சம். கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் லேசாகத் தலையை அசைத்திருப்பேன் போலிருக்கிறது. நர்ஸ் என் நெற்றிக்கு மேலே கையை வைத்து அழுத்தி, "ஆடாதீங்கம்மா, ஆடாதீங்க" என்றாள்.

அந்தக் கை பட்டதுதான் தாமதம். நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

பச்சைத் தண்ணீர். மேலே வெயில் கலங்கிக் கலங்கித் தெரிகிறது. வாயில் சேறு. என் உச்சந்தலையில் ஒரு கை. அந்தக் கையில் முறுக்கு வெள்ளிக் காப்பு. அந்தக் கைக்குப் பின்னால் செம்பாறாங்கல் படிக்கட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகச் சிவப்பாக மேலே போகிறது. நான் பிறந்த ஊர் ஊருணி அது. எனக்கு ஆறு வயதிருக்கும். காப்பு அக்காவுடையது. "சொல்லாத, சொல்லாத" என்று அவள் குரல்.

மேஜையை விட்டு எழுந்திருக்காமல் எப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கண்ணைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுக்குள் இருந்த கண்ணுக்கு அந்தப் படிக்கட்டுதான் தெரிந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ஒருநாளும் எனக்கு அந்த ஞாபகம் வந்ததில்லை. எப்போதாவது பச்சையாக ஏதோ கனவு வரும், அவ்வளவுதான். ஆனால் யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. எழுபது வயது தாண்டியும் நான் தலையில் கடகடவென்று தண்ணீர் ஊற்றிக் குளித்ததில்லை. சின்னச் சொம்பில் மோந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவேன். கண்ணெரிச்சல் பரவாயில்லை, கண்ணை மூடக் கூடாது எனக்கு. சின்ன வயதில் தெருப் பெண்கள் எல்லாம் ஊருணிக்குக் குடம் தூக்கிப் போவார்கள், அம்மா என்னை மட்டும் அனுப்ப மாட்டாள். கடைக்குட்டி என்று செல்லம் கொடுக்கிறாள் என்று ஊர் முழுவதும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அது செல்லம் இல்லையோ?

மகனிடம் சொன்னேன். "ஏதாவது கனவா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கனவு என்ற வார்த்தை எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அக்கா காலையில் போன் செய்வாள். நான் எடுக்கவில்லை. மத்தியானம் செய்வாள். குளிக்கிறேன் என்று மருமகளைச் சொல்லச் சொன்னேன். நான்கைந்து நாளில் மருமகள் போனை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தை, பெரியம்மா இன்னைக்கு எங்கிட்ட என்ன கேட்டாக தெரியுமா? 'உங்க அத்தை ஒரு நாளைக்கு எத்தன தடவதாண்டி குளிப்பா'ன்னு கேட்டாக. நான் என்ன சொல்றது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் தண்ணீருக்குள் அமுக்கியவளைப் பக்கத்து அறையில் வைத்து நான் எப்படிச் சோறு போடுவேன் என்று கேட்டேன். அவள் கேலி செய்யவில்லை. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கட்டிலில் விரித்திருந்த புது ஜமுக்காளத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவுககிட்ட கேட்டீகளா?"

"கேட்டா ஆமான்னு சொல்லுவாளாக்கும்."

"கேக்காமலே தீர்ப்புச் சொல்லியாச்சு. அப்ப பெட்டியப் பிரிச்சு வைக்கச் சொல்லி நீங்களே போன் போடுங்க அத்தை. என்னால முடியாது."

எனக்கும் முடியவில்லை. கட்டில் சும்மா கிடந்தது.

கண்ணை மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். சின்ன வயதுக்காரி, பொறுமையாகப் பேசுகிறவள். ஆபரேஷன் மேஜையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, அது நிஜமா பொய்யா என்றேன்.

அவள் சிரித்தாள். "லென்ஸ் வைக்கிறதுதாம்மா என் வேலை. நீங்க கண்டது எந்தக் காலத்துதுன்னு என் மிஷின் காட்டாது" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடியில கிடந்தது மேல வர்றதும் உண்டு. பல நாள்ல பாத்தது எல்லாம் நமக்கே தெரியாம ஒண்ணாச் சேர்ந்து ஒரே நாள் மாதிரி வர்றதும் உண்டு. உள்ளேயிருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் பளிச்சுன்னு இருக்கும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"வெளியில யாராவது, ஏதாவது சாட்சி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, தெரியலைன்னு வச்சுக்கங்க."

தெரியலைன்னு வச்சுக்கறதா! என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபரேஷன் செய்த கையை மனதில் வைத்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சாட்சி என்ற சொல் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாடகைக் காரில் புறப்பட்டேன். முதலில் எங்கள் ஊர் ஊருணி, பிறகு காளையார்கோவில்.

எங்கள் பக்கத்து ஊருணி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குளம் வேறு, ஊருணி வேறு. குளத்தில் குளிக்கலாம், மாட்டைக் கழுவலாம். ஊருணி குடிக்க மட்டும். அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. கரையில் நின்று குனிந்து மோந்துகொள்ள வேண்டும். கால் பட்டால் தண்ணீர் முழுவதும் கெட்டதாகக் கணக்கு, பட்டவர் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கென்று ஊரில் ஒரு காவல்காரர் இருப்பார். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஆனாலும் குழாய்த் தண்ணீரில் சோறு வெள்ளையாக வேகாது, பருப்பு வேகவே வேகாது என்று எங்கள் ஊரில் இன்னும் ஊருணிக்குத்தான் போகிறார்கள். "கால் வைக்காதீர்கள்" என்று போர்டு வைத்திருந்தார்கள். புதுக்கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

படிக்கட்டு இருந்தது. செம்பாறாங்கல், ஒன்றின்மேல் ஒன்றாக, நான் கண்டது கண்டபடியே. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்றேன்.

அரசமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பழைய காவல்காரரின் மகன். அப்பாவுக்குப் பிறகு அவர்தான் காவல், இப்போது சம்பளம் இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

"செருப்ப அங்குட்டே விட்டுட்டு வாங்க" என்று முதலில் மருமகளை ஒரு சத்தம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எங்குட்டு இருந்து வாரீக? ஆள் தெரியலையே" என்றார்.

"இந்த ஊர்ப் பொண்ணுதான் அண்ணே. வடக்குத் தெரு, வேப்பமரத்து வீடு."

"அட, அந்த வீட்டுக் கடைக்குட்டியா? வாய் ஓயாமப் பேசுமே, அதா?"

"அதேதான். இன்னும் ஓயல."

"அத்தை ஓய மாட்டாக" என்றாள் மருமகள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படிக்கட்டைக் காட்டி, "நான் சின்னப்பிள்ளையில பாத்த மாதிரியே இருக்கு அண்ணே" என்றேன்.

"சின்னப்பிள்ளையிலயா? இது எனக்கு ரெண்டாவது பிள்ளை பெறந்த வருசம் கட்டினதுல்ல. நீங்க கல்யாணமாகிப் போயிட்டீக. நானும்தான் கல்லு சொமந்தேன். அதுக்கு முந்தி இங்க மண்ணுச் சரிவு. ஒரு பனந்தடி கெடக்கும், அதுல நின்னு மோக்கணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? என் தோளைக் கேளுங்க, அது சொல்லும்" என்று வலது தோளைத் தட்டிக் காட்டினார்.

அவர் சொன்னதும் பனந்தடி எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பக்கம் உளுத்து, நடுவில் கால் பட்டுப் பட்டு வழவழவென்று. அப்படியானால் படிக்கட்டை எங்கே பார்த்தேன்? கல்யாணமான பிறகு, ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். அதை யார் எடுத்து என் ஆறு வயதுக்குள் வைத்தது? நானேதான். என்னைத் தவிர என் தலைக்குள் யார் போனார்கள்? அக்கா மேல் இருந்த கோபத்தில் ஒரு பாதி அங்கேயே இறங்கியது. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை பத்திரிகைக்கு நான் பெயர் சொல்லியிருக்கிறேன்!

ஆனாலும் விட மனதில்லை. "அந்தக் காலத்துல இதுல யாராச்சும் பிள்ளைக விழுந்தது உண்டா அண்ணே?"

"விழுந்ததாக் கேள்வி இல்ல. கால் பட்டதாத்தான் கேள்வி" என்றார். "எங்க அப்பன் சாகுற வரைக்கும் அதைச் சொல்லிப் பொலம்புவாரு. ஒரு நா மத்தியானம் சோத்துக்குப் போயிட்டு வந்து பாத்தா, சரிவுல கால் தடம் தண்ணிக்குள்ள போயிருக்கு. சின்னத் தடம். கூட்டம் போட்டாக. ஒருத்தரும் ஒத்துக்கல. சோத்துக்குப் போனது தப்புன்னு எங்க அப்பனத்தான் நிக்க வச்சுக் கேட்டாக. எட்டு நாள் ஊரே இதுல மோக்கல. பொம்பளைக எல்லாம் பக்கத்து ஊருக்கு நடந்து தண்ணி தூக்கினாக. பெறகு சாமிக்குப் பொங்கல் வச்சுத்தான் மறுபடி மோந்தாக."

எட்டு நாள் அம்மா நடந்தது எனக்குத் தெரியும். அது நான் ஒருநாளும் மறக்காத ஞாபகம். உச்சிவெயிலில் அம்மா இடுப்பில் குடத்தோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்ப்பாள். மழையில்லாத வருசம், ஊருணி வற்றிவிட்டது, அதனால் நடந்தாள் என்றுதான் இத்தனை வருசமும் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். ஊருணி வற்றவில்லை. நிறையத் தண்ணீர் இருக்க, அம்மா நடந்திருக்கிறாள்.

அதற்குமேல் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறியதும் மருமகள், "படி இல்லைன்னு ஆயிருச்சு, திரும்பிருவோமா?" என்றாள். "கால் தடம் இருந்திருக்குல்ல. போ காளையார்கோவிலுக்கு" என்றேன்.

அக்கா கூடத்தில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாய், தலையணை, கட்டி வைத்த பித்தளைக் குடம்.

"வந்துட்டியா மகராசி. பதினேழு நாளா இந்தப் பெட்டிக்குள்ள இருந்துதான் சேலை எடுத்துக் கட்டுறேன், துவைச்சு மடிச்சு மறுபடி அதுக்குள்ளயே வைக்கிறேன். கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"என்னையப் பாத்தா எப்படி இருக்கு?"

"கெழவியா இருக்க."

"நீ ஆபரேசனுக்கு முந்தியே கெழவிடி" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மருமகள் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். "சின்னப்பிள்ளையில ஊருணிக்குள்ள என்னையத் தள்ளி விட்டியாக்கா?"

அவள் 'என்ன உளறுகிறாய்' என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அன்றோடு அவளை விட்டு வந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெட்டியில் எனக்கும் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"ஒனக்கு அது ஞாபகமே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் கண்டதைச் சொன்னேன். தலைமேல் கை, காப்பு, சொல்லாத சொல்லாத என்ற குரல். படிக்கட்டை மட்டும் விட்டுவிட்டேன். அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். இப்போது அதில் ஒன்றுமில்லை, தோல்தான் சுருங்கிக் கிடந்தது.

"காப்பா? அது நான் பெரிய மனுசி ஆனப்ப மாமா போட்டது. ஊருணிக் கதை அதுக்கு ரெண்டு வருசம் முந்தி. அன்னிக்கு என் கையில ஒண்ணும் கெடையாது."

"கையாவது இருந்துச்சா?"

"கை இருந்துச்சு."

அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது.

"அம்மா என்னையத் தனியாத்தான் போகச் சொன்னாக. நீ பின்னாலயே வந்த. குடத்த நான்தான் மோப்பேன்னு பனந்தடி மேல ஏறி நின்னு பிடுங்குன. நான் இழுத்தேன். அப்ப நான் விட்டேனா, தள்ளுனேனா, நீயாச் சறுக்குனியா... எத்தனையோ வருசமா நானும் யோசிச்சுப் பாக்குறேன், அந்த ஒரு எடம் மட்டும் பிடிபடல. கையில குடம் இருந்தது தெரியுது. பெறகு கையில உன் தலைமயிர் இருந்தது தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்லடி."

"பெறகு?"

"பெறகு என்ன? ரெண்டு காலையும் வச்சு எறங்குனேன். இடுப்பளவு தண்ணி. உன்னைய மொத பிடியில தூக்க முடியல, வழுக்கிருச்சு, நீ மறுபடி உள்ள போனே. ரெண்டாவது பிடியில வந்துட்ட. வெயில்ல உன்னைய வீட்டுக்கு இழுத்துக்கிட்டு ஓடுனேன். அம்மா பாவாடையெல்லாம் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாக, வெளியில போட்டா தெரிஞ்சு போகும்னு. காலு பட்டது ஊருக்குத் தெரிஞ்சா அப்பா கூட்டத்துல நிக்கணும், சொல்லாதன்னாக. நான் உங்கிட்டச் சொன்னேன், சொல்லாத, சொல்லாதன்னு."

குரல் தண்ணீருக்குள் இருந்து வரவில்லை. வீட்டில் இருந்து வந்திருக்கிறது. அதை எடுத்து நான் தண்ணீருக்குள் போட்டிருக்கிறேன்.

"நீ காய்ச்சல்ல கெடந்த. கண்ணத் தொறந்தா தண்ணி தண்ணின்னு அழுவ. கனவுடி, கனவு கண்டிருக்கன்னு அம்மா சொல்லுவாக. நானும் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி நீயே நம்பிட்ட. எனக்குத்தான் கனவுன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல."

மகன் சொன்ன கனவு என்ற வார்த்தை ஏன் சுருக்கென்றது என்று அப்போது தெரிந்தது.

அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "எனக்கு வயித்துல ஒண்ணு தங்கல, ரெண்டு தங்கல. ஒவ்வொரு தடவையும் இந்தக் காலத்தான் பாப்பேன். ஊரே குடிக்கிற தண்ணியில வச்ச காலு. அந்தக் காவல்காரர் எனக்காகக் கூட்டத்துல நின்னாரு. எட்டு நாள் அத்தன பொம்பளைக நடந்தாக. அதுதான் பிடிச்சுக்கிருச்சுன்னு நெனைப்பேன். உங்க அத்தான்கிட்டகூடச் சொல்லல."

நான் நியாயம் கேட்கப் போனவள். என் நியாயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோபம் வந்தது, ஆனால் அது வேறு பக்கம் வந்தது.

"அப்ப காலை வைக்காம, பனந்தடியில நின்னு நான் மொதக்குறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கணுமா? அறிவிருக்கா உனக்கு?"

"அத்தனை வருசமும் அப்படிக் கேக்க ஒரு ஆள் இல்லையேடி."

"இப்பக் கேட்டாச்சுல்ல. எந்திரி. கார் வாடகை ஏறுது."

மருமகள் காபியைக் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. "அடுப்புப் புகை" என்றாள். அக்கா வீட்டில் கேஸ் அடுப்பு.

திரும்பும்போது வண்டியை ஊருணிக்கு விடச் சொன்னேன். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாள். கல்யாணமாகிப் போன நாளில் இருந்து அவள் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். திருவிழாவுக்கு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவாளாம். அது எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவள் நான்!

வண்டி கரையோரம் நின்றது. அவள் இறங்கவில்லை. காலைச் சீட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். நான் போய்ப் பெரியவரைக் கூட்டி வந்தேன். அவள் ஜன்னல் வழியாக, அவர் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கால் தடம் என்னுது அண்ணே. இவ விழுந்துட்டா. தூக்க எறங்குனேன். உங்க அப்பா எனக்காக நின்னாக" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க அப்பன் போயிச் சேர்ந்து எத்தனையோ வருசமாச்சு தாயி. இருந்திருந்தா நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பாரு. எட்டு நாள் நடந்த பொம்பளைகளும் சும்மா விட்டிருக்க மாட்டாக." ஊருணியைத் திரும்பிப் பார்த்து, "புள்ளைய எடுத்துட்டு வந்து சொல்லியிருந்தா, யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. உங்க ஆத்தாளுக்குப் பயம். என்ன செய்யிறது" என்றார்.

பிறகு படியில் இறங்கி, கால் நனையாமல் குனிந்து, ஒரு சொம்பு மோந்து வந்து ஜன்னலில் நீட்டினார். அக்கா ரெண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். எனக்கும் கொஞ்சம் வைத்துக் கொடுத்தாள். பிறந்த ஊர்த் தண்ணீர், மண் வாசம் அடித்தது. அந்தக் காலத்தில் இதில் தேத்தாங்கொட்டையை உரசி விடுவோம். கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். குடத்தை ஆட்டினால் மறுபடி கலங்கும். படிந்ததில் எந்த மண் எந்த மழைக்கு வந்தது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை, தெளிந்ததை மோந்து சோறாக்கினோம்.

அக்கா வந்து இப்போது நாலு மாதம் ஆகிறது. ரிமோட்டுக்குச் சண்டை நடக்கிறது. அவள் போடும் ரசத்தில் மிளகு அதிகம், நான் வைக்கும் கத்தரிக்காயில் புளி அதிகம். மருமகள் சொன்ன சொல் தவறாமல் நடுவில் வருவதில்லை. யாராவது போனில் பழைய சேதி கேட்டால், நான் சொல்வதற்கு முன்னால் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அவள் வேறு மாதிரிச் சொன்னால், "இவ இப்படிச் சொல்றா, நான் அப்படிச் சொல்றேன்" என்று ரெண்டையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

தள்ளினாளா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. குடம் தவிர வேறு சாட்சி இல்லை. தெரியவில்லை என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆத்திரப்பட்டேனே, முடிகிறது.

ஆபரேஷன் செய்த கண் ஆறுகிறவரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஊற்றலாம் என்று டாக்டரம்மா சொன்ன வாரம், வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்தேன். அக்கா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். சின்னச் சொம்பைத் தேடினேன். அவள் பெரிய செம்பைக் கையில் வைத்திருந்தாள்.

"கண்ண மூடுடி. சீயக்காய் பட்டா மறுபடி டாக்டர்கிட்ட ஓடணும்."

"மூட மாட்டேன். நீ கைய அழுத்தாத."

"அழுத்தாம எப்படித் தேய்க்கிறது? பூனைக்குட்டியா நீ?"

அவள் கை என் உச்சந்தலையில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அவள் ஊற்றாமல் காத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

நான் கண்ணை மூடினேன். "ம், ஊத்து" என்றேன்.